ஜீரோ வாட் என்றொரு புனைவு

மின்சாரம் புகுந்த தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்டுவந்த புனைவுகளில் முதலிடம் எதற்கென்று கேட்டால், தயக்கமின்றி ‘ஜீரோ வாட் பல்பு’ என்றே நாங்கள் சொல்வோம். எரிகிறது, ஒளி தருகிறது, தொட்டால் சுடுகிறது, ஆயினும் மின்சாரம் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. இயற்பியலின் எந்த விதிக்கும் கட்டுப்படாத இந்த அற்புதத்தைப் படுக்கையறைச் சுவரில் மாட்டிவைத்து, அதன் நீல ஒளியில் நிம்மதியாக உறங்கிவந்த சமூகம் நாம். உண்மையில் அது 10 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொள்ளும் சாதாரண டங்ஸ்டன் இழை பல்புதான். அலுமினியத் தட்டு சுழலும் பழைய மீட்டர்களில், அதுவும் தேய்ந்துபோன மீட்டர்களில், இத்தனை சிறிய மின்னோட்டம் தட்டின் உராய்வை மீறி அதைச் சுழற்றப் போதவில்லை. கணக்கில் ஏறாதது செலவே இல்லை என்றாகிவிட்டது. ‘ஜீரோ’ என்ற பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இதுவே. மின்னணு மீட்டர்கள் வந்தபின் அந்தக் கண்கட்டு வித்தை முடிவுக்கு வந்தது. பெயர் மட்டும் போகவில்லை. இன்றும் கடையில் அரை வாட் எல்.இ.டி. விளக்கைக் கேட்பவர் “ஒரு ஜீரோ வாட் குடுங்க” என்றுதான் கேட்கிறார். முதன்முறையாக அந்தப் பெயர் ஏறத்தாழ உண்மையாகியிருக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

கணக்கைப் பார்த்துவிடலாம். இலக்கிய வாசகர்கள் எண்களைக் கண்டால் பக்கத்தைத் திருப்புவார்கள் என்பது ஒரு பழைய அவதூறு. அதை நாங்கள் நம்புவதில்லை. 15 வாட் பல்பு இரவு எட்டு முதல் காலை ஆறு வரை பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 150 வாட்-மணி. இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். வருடத்துக்கு ஏறத்தாழ 55 யூனிட். படுக்கையறை, கூடம், கழிவறைப் பக்கம் என்று மூன்று பல்புகள் எரியும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட். 2016-இல் தமிழகத்தில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டபோது கிடைத்த சலுகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாக, எவரும் பார்க்காத வேளையில் எரியும் இந்த மூன்று பல்புகளே தின்றுவிடும் என்று பொருள். மின்கட்டணம் படிப்படியாக ஏறும் இயல்புடையது என்பதால், பயன்பாடு கூடிய வீடுகளில் இந்த 27 யூனிட்டும் அந்த வீட்டின் மிக விலை உயர்ந்த படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே இடத்தில் அரை வாட் எல்.இ.டி. எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 0.3 யூனிட்; வருடம் முழுவதும் இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. ஒரு கோடி வீடுகளில் ஒரேயொரு ஜீரோ வாட் பல்பு எரிவதாகக் கொண்டால் இரவு நேரத் தேவை 150 மெகாவாட். அரை வாட் விளக்கென்றால் 5 மெகாவாட். இதற்குமேல் இந்தப் பகுதியில் விவாதிக்க ஒன்றுமில்லை. இழை பல்பை விடிவிளக்காக வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அதைக் கழற்றிவிடலாம்.

சிக்கல் அதன்பிறகே தொடங்குகிறது. எந்த எல்.இ.டி. விளக்கு? தானாக எரிந்து தானாக அணைவதா? இருள் வந்ததும் எரிவதா, ஆள் வந்ததும் எரிவதா? என்ன நிறம்? சுவரில் எந்த உயரத்தில்? இந்தக் கேள்விகளில்தான் பணமும் மின்சாரமும் தாண்டிய ஒன்று இருக்கிறது என்று நாங்கள் கருதுகிறோம். இல்லையென்றால் மின்சாதனக் கடைக்காரரின் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

‘விடிவிளக்கு’ என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். விடியும்வரை எரிவது என்ற பொருளில் அமைந்த சொல். விளக்கு விடியும்வரை எரிய வேண்டுமென்றால் விடியும்வரை யாரோ ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அச்சொல்லுக்குள் மறைந்திருக்கும் உழைப்பு. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி ஒன்று வருகிறது. அரசன் தங்கியிருக்கும் இடத்தில், வாள் செருகிய கச்சணிந்த மங்கையர், விளக்குகள் அவியும் போதெல்லாம் நெய் வார்த்துத் திரி கொளுத்துகிறார்கள். உறக்கமற்ற மன்னனைப் பற்றி நமது உரையாசிரியர்களும் விமர்சகர்களும் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. இரவு முழுவதும் விழித்திருந்து திரி தூண்டிய பெண்களைப் பற்றி யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றேறக்குறைய முற்பட்ட அந்தக் காட்சியில் ‘தானியங்கி’ என்பது ஓர் உடல். தூக்கத்தைத் துறந்த ஓர் உடல். பின்னர் வந்த சிம்னி விளக்குக்கும் அரிக்கேனுக்கும் இதே கதைதான். மாலையில் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைக் கத்தரித்து, இரவில் குழந்தை அழும்போது எழுந்து திரியை ஏற்றிவிட்டு, காற்று வந்தால் கையால் மறைத்து நின்றவர் வீட்டில் யார் என்பதை எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே தானாக எரியும் விளக்கை ‘சோம்பேறிகளின் சாதனம்’ என்று பழிக்கும் குரலோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அந்தக் குரல் பெரும்பாலும், எக்காலத்திலும் எழுந்து போய்த் திரி தூண்டாதவர்களின் தொண்டையிலிருந்தே வருகிறது.

இன்னொரு குரலும் உண்டு. இருளின் அழகைப் பாடும் குரல். ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சிரோ தனிஸாகி 1933-இல் நிழல்களைப் புகழ்ந்து எழுதத் தொடங்கிய நீண்ட கட்டுரை நம்மில் பலருக்கும் பிரியமானது. மின்விளக்கின் மிகை வெளிச்சம் ஜப்பானிய வீட்டின் அழகியலையே குலைத்துவிட்டது என்ற அவருடைய ஆற்றாமை, குழல்விளக்கு வெண்மையில் ஊறிக்கிடக்கும் நம் கூடங்களைப் பார்க்கும்போது நியாயமாகவே படுகிறது. எனினும் இருளைப் போற்றுவதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: தட்டுத்தடுமாறாமல் நடக்கக்கூடிய கால்களும் விரைவில் இருளுக்குப் பழகும் கண்களும் இருக்க வேண்டும். எங்கள் வட்டத்து நண்பர் ஒருவரின் தாயார், எழுபது கடந்தவர், இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகையில் யாரையும் எழுப்பக் கூடாதென்று விளக்கைப் போடாமல் நடந்திருக்கிறார். கழிவறை வாசலில் இரண்டு அங்குலப் படி. இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பழைய நடை திரும்பவில்லை. இப்போது வாக்கர் துணையுடன் கூடத்தைக் கடப்பதே பெரும்பாடு. சுவிட்சு இருந்தது, மின்சாரம் இருந்தது, பல்பும் இருந்தது. பிறர் தூக்கம் கலையக் கூடாது என்ற கரிசனமே அவரை வீழ்த்தியது. நம் வீடுகளின் முதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், இரவில் விளக்கைப் போடுவதைக்கூடப் பிறர்மேல் சுமத்தும் பாரமாக எண்ணுகிறவர்கள். அவர்களிடம் “சுவிட்சைப் போட்டுக்கொண்டு போங்கள்” என்று நூறுமுறை சொல்வதால் பயனில்லை. கேட்காமலேயே எரிகிற விளக்குதான் அவர்களுக்கு வேண்டும்.

முதுமையில் கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்மணி சுருங்குகிறது, இருட்டிலும் முன்போல் விரிவதில்லை. விழிவில்லை மஞ்சளேறித் தடித்துப்போகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரையில் விழும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டுகிறது. ஆகவே மகனோ மருமகளோ “இது போதுமே, நன்றாகத் தெரிகிறதே” என்று சொல்லி வாங்கிவரும் விளக்கு, யாருக்காக வாங்கப்பட்டதோ அவருக்குப் போதாமல் போகலாம். இது முதல் பாதி. அடுத்த பாதி இன்னும் சிக்கலானது: இருளுக்குப் பழகிய கண் முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன, பளீரென்ற வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் அதை அழித்துவிடுகிறது. கழிவறைக் குழல்விளக்கைப் போட்டுவிட்டு அணைத்துத் திரும்பி வரும் அந்தச் சில அடிகளே மிக அபாயமானவை. போகும்போது பாதி தெரிந்த தரை வரும்போது அறவே தெரிவதில்லை.

இனி விளக்குக்கு வருவோம். சந்தையில் கிடைக்கும் தானியங்கி விடிவிளக்குகள் பெரும்பாலும் இருவகை. அந்தி கவிந்ததும் எரிந்து விடிந்ததும் அணைவது ஒன்று. அதில் ஒளியுணரி ஒன்றிருக்கும். வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும், இருட்டில் கூடும் என்ற எளிய தத்துவம். ஆள் நடமாட்டத்தைக் கண்டு எரிந்து அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ அணைவது மற்றொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவதே சிக்கனம் என்று தோன்றும். தேவைப்படும்போது மட்டுமே எரிகிறதல்லவா. அட்டைப்பெட்டிகளும் அப்படித்தான் முழங்குகின்றன. ஆனால் ஆளுக்காகக் காத்திருக்கும் உணரி இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கிறது, அதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதை அட்டைப்பெட்டி சொல்வதில்லை. அந்த உணரியும் அதன் மின்சுற்றும் 0.2 வாட் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 4.8 வாட்-மணி. அரை வாட் விளக்கு இரவு முழுவதும் பத்து மணி நேரம் எரிந்தாலே 5 வாட்-மணிதான். ஆக, விளக்கை அணைத்து அணைத்துச் சேமித்தது அனைத்தையும் காவல்காரனின் சம்பளமே விழுங்கிவிடுகிறது. 15 வாட் பல்பின் காலத்தில் நடமாட்ட உணரி அறிவார்ந்த ஏற்பாடாக இருந்திருக்கும். அரை வாட் யுகத்தில் சிக்கனத்தின் பெயரால் அதை வாங்குவது, நாலணா மிச்சப்படுத்த எட்டணாவுக்கு ஆள் வைப்பதைப் போன்றது. மின்சக்தி என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டால், அந்தி-விடியல் வகையே போதுமென்பது எங்கள் முடிவு.

நடமாட்ட உணரிக்கு நம் ஊர் வெயிலோடும் ஒரு வழக்கு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை உடலின் வெப்பக் கதிர்வீச்சை உணர்பவை. சுற்றுப்புறத்தைவிட வெம்மையான ஓர் உரு நகர்ந்தால் அறிந்துகொள்கின்றன. மனிதத் தோலின் வெப்பம் 33, 34 டிகிரி செல்சியஸ். மார்கழி இரவில் இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரியும். கத்திரி வெயில் காலத்து இரவில், பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடியின் கீழே அறையே அந்த வெப்பத்தை நெருங்கிக்கொண்டிருக்கும்போது, உணரிக்கு மனிதருக்கும் சுவருக்கும் வித்தியாசம் புலப்படுவது மந்தமாகிவிடுகிறது. குளிர்நாடுகளின் நடைவழிகளுக்காக எண்ணி உருவாக்கப்பட்ட பொருளை வாணியம்பாடியிலும் வேலூரிலும் மே மாதத்தில் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதியவர் மெதுவாக நடப்பார் என்பதும் உணரிக்கு எதிரானதே. வேகமான அசைவே அதற்கு எளிதில் பிடிபடும். யாருக்கு விளக்கு மிகவும் தேவையோ அவரையே அது கவனிக்கத் தவறும் என்றால் அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? மாறாகப் பூனை குறுக்கே ஓடினால் உடனே எரியும். (பூனை வளர்க்கும் எங்கள் உறுப்பினர் இதைக் குறையாகக் கருத மறுக்கிறார்.) மாடிப்படி, புழங்காத பின்கட்டு, ஒற்றை ஆள் எப்போதாவது கடக்கும் நடை ஆகிய இடங்களில் இந்த வகைக்கு நியாயம் உண்டு. படுக்கையறையில் இல்லை. புரண்டு படுக்கும்போதெல்லாம் விழித்துக்கொள்ளும் விளக்கோடு ஒருவர் எப்படித் தூங்குவது?

மின்கலத்தில் இயங்குபவற்றைப் பற்றி ஒரு சொல். சுவரில் ஒட்டிக்கொள்ளலாம், பிளக் வேண்டாம் என்பது கவர்ச்சியான வாக்குறுதி. பென்சில் செல் என்று நாம் அழைக்கும் அல்கலைன் மின்கலம் ஒன்றில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 3 வாட்-மணி. ஒரு யூனிட் மின்சாரத்தை அந்தச் செல்களில் வாங்க வேண்டுமென்றால் 300-க்கும் மேற்பட்ட செல்கள் வேண்டும். விலையை வாசகர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு அந்த முந்நூறு செல்களும் எந்தக் குப்பைமேட்டுக்குப் போகின்றன என்பதையும். மீண்டும் மின்னேற்றக்கூடிய வகை இதைவிட மேல். ஆயினும் அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை கழற்றி மின்னேற்றி மாட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். சிம்னி துடைத்தவரின் வேலை வேறு வடிவில் திரும்பி வந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் அதன் பக்கம் சொல்லியாக வேண்டும்: மின்தடை. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்கள் அனுபவித்த நீண்ட இருளை மறந்திருக்க மாட்டார்கள். பிளக்கில் செருகிய விடிவிளக்கு, மிகத் தேவைப்படும் அந்த வேளையில் உதவாது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், கட்டிலருகே மின்னேற்றிய கைவிளக்கு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட எங்களை யோசிக்க வைத்தது உயரம். பிளக்கோடு சேர்ந்த விடிவிளக்குகளின் வடிவமைப்பைக் கவனித்தால், அவை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சாக்கெட்டுகள் இருக்கும் மேலைநாட்டு வீட்டுக்காக உருவானவை என்பது விளங்கும். அங்கே அந்த விளக்கு கணுக்கால் மட்டத்தில் எரிகிறது, தரை தெரிகிறது, படுத்திருப்பவரின் கண்ணில் படுவதில்லை. நம் வீட்டுச் சுவிட்ச் போர்டு நான்கு, நான்கரை அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே செருகிய விளக்கு நடப்பவரின் முகத்துக்கு நேராக எரிகிறது, கண் கூசுகிறது, காலடி இருட்டாகவே இருக்கிறது. ஒளி இருக்கிறது என்ற மன நிம்மதியோடு படியில் இடறி விழ இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தாழ்வாக, தரையோடு தரையாகப் படரும் ஒளியில்தான் படியின் விளிம்பு நிழலிட்டுத் தெரியும். சிந்திக்கிடக்கும் தண்ணீர் மினுங்கும். புதிதாக வீடு கட்டுபவர்களும் வயரிங் மாற்றுபவர்களும் படுக்கையறையிலிருந்து கழிவறை வரையிலான பாதையில், தரையிலிருந்து ஓரடிக்குள் ஒன்றிரண்டு இடங்களில் மின் இணைப்பு விடும்படி எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்ச் போர்டு அளவிலேயே சுவருக்குள் பதிக்கும் ‘ஃபுட் லைட்’ கடைகளில் கிடைக்கிறது. பூஜையறைக்குக் கிரானைட் தேடி மூன்று ஊர் அலைபவர்களுக்கு இது பெரிய கோரிக்கையாக இருக்க முடியாது. பழைய வீட்டில் இருப்பவர்கள், ஒளி கீழ்நோக்கி விழும்படி மூடி அமைந்த விளக்காகப் பார்த்து வாங்கலாம். எக்ஸ்டென்ஷன் வயரைத் தரையில் ஓடவிட்டு விளக்கைக் கீழே கொண்டுவருவது மட்டும் கூடாது. அந்த வயரிலேயே கால் மாட்டும்.

ஒளியுணரிக்கும் அதன் இடமே விதி. தெருவிளக்கின் ஒளி சன்னல் வழியே அதன்மேல் விழுந்தால் அது இரவைப் பகலென்று எண்ணி எரியாமல் கிடக்கும். பீரோவின் பின்னால் மறைந்திருந்தால் பகலை இரவென்று எண்ணி நாள் முழுவதும் எரியும். எதிரே கண்ணாடியோ வெள்ளைச் சுவரோ மிக நெருக்கமாக இருந்தால் தன் ஒளியைத் தானே கண்டு அணைந்து, அணைந்ததும் இருட்டைக் கண்டு எரிந்து, கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். இந்தத் தற்குழப்பத்தை இலக்கியத்தில் ரசிக்கலாம். நடைவழியில் தாங்க முடியாது. வாங்கும்போது உணரி விளக்கின் மேற்புறமோ பக்கவாட்டிலோ இருந்து, ஒளி வேறு திசையில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கூடவே வேறொரு எதிரியும் உண்டு. நம் சாக்கெட்டுகளுக்குத் தனிச் சுவிட்சு இருக்கிறது. காலையில் வீடு முழுவதும் சுற்றிவந்து எல்லாச் சுவிட்சுகளையும் அணைக்கும் குடும்பத் தலைவர் இருக்கும் வீட்டில் எந்தத் தானியங்கியும் தானாக இயங்காது. அவருடைய சிக்கனத்தை மதிக்கிறோம். அந்த ஒரு சுவிட்சின்மேல் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிடலாம்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. நமக்கு நீலம் பிடித்துப்போயிருக்கிறது. ரயிலின் படுக்கை வசதிப் பெட்டியில் இரவெல்லாம் எரியும் நீல விளக்கும், திரைப்படங்களின் முதலிரவுக் காட்சியும் சேர்ந்து, இரவென்றால் நீலம் என்று நம் பிரக்ஞையில் பதித்துவிட்டன. மங்கலான ஒளியில் கண்ணுக்குச் சிவப்பைவிட நீலம் எடுப்பாகத் தெரியும் என்பதைச் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னார். ஆகவே நீலத்தின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அதிலும் நீலச்சாயம் பூசிய இழை பல்பில், தன் ஒளியில் மிகக் குறைவாகவே நீலம் கொண்ட டங்ஸ்டனின் மிச்ச நிறங்களையெல்லாம் சாயம் விழுங்கிவிட, சொற்ப ஒளியே வெளியே வந்தது. எல்.இ.டி. நீலம் வேறு ரகம், செறிவானது, கூர்மையானது. நம் விழித்திரையில் பார்வைக்கான செல்கள் தவிர, பகலா இரவா என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் தனிவகைச் செல்கள் உள்ளன என்பது 2002-இல் உறுதியானது. அவை 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே அதிகம் எதிர்வினையாற்றுகின்றன. உறக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தடுக்கின்றன. ‘கூல் டே லைட்’ என்று விற்கப்படும் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யும் அடிப்படையில் நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சள் பூச்சிட்டதுதான். ஆகவே விடிவிளக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கட்டும். பெட்டியில் 2200 கெல்வினை ஒட்டிய எண் இருந்தால் நன்று. பழைய அகல் விளக்கின் நிறமும் ஏறத்தாழ அதுவே.

எவ்வளவு ஒளி? பௌர்ணமி நிலவொளி தரையில் ஏறத்தாழ கால் லக்ஸ். உறங்கும் இடத்தில் கண்ணுக்கு எட்டும் ஒளி ஒரு லக்ஸை மீறாமல் இருப்பது நல்லது என்று 2022-இல் இத்துறை அறிஞர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. அதாவது நான்கு பௌர்ணமிக்குமேல் வேண்டாம். லக்ஸ்மானி எவரிடமும் இருக்காது என்பதால் நாங்கள் ஓர் எளிய சோதனையை முன்வைக்கிறோம்: படுக்கையில் படுத்தபடி அந்த ஒளியில் ஒரு சிற்றிதழை வாசிக்க முடிந்தால் அது விடிவிளக்கு இல்லை. எழுத்துரு சிறியதென்று சிற்றிதழ்கள்மேல் வழக்கமாகச் சொல்லப்படும் புகாருக்கு இப்படியாவது ஒரு பயன் கிடைக்கட்டும். படுக்கையறைக்கு அரை வாட்டே மிகைதான். கட்டிலுக்கு அடியிலோ கதவுக்கு வெளியிலோ வைத்துக்கொள்வது உத்தமம். முதியவருக்கு அதிக ஒளி வேண்டுமே என்றால், அது நடைவழியிலும் கழிவறை வாசலிலும் கூடட்டும், தலைமாட்டில் வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு பயம் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. இரண்டு வயதுக்குள் விடிவிளக்கு ஒளியில் உறங்கிய குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை அதிகம் என்று 1999-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வொன்றே அதன் மூலம். மறு ஆண்டே அதே இதழில் வேறு இரு குழுவினர் அந்தத் தொடர்பு தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். கிட்டப்பார்வை உள்ள பெற்றோரே குழந்தையின் அறையில் அதிகம் விளக்கெரிக்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு வந்தது கண். பழி சுமந்தது விளக்கு. முதல் செய்தி தமிழ் வீடுகள்வரை வந்து சேர்ந்தது. மறுப்பு இன்னும் வந்து சேரவில்லை.

எங்களுக்குள் தீராத ஒரு கருத்து வேறுபாட்டையும் பதிவுசெய்ய வேண்டும். நிலக்கரியைத் திறம்படப் பயன்படுத்தும் எந்திரங்கள் வந்தால் நிலக்கரிப் பயன்பாடு குறையாது, கூடும் என்று 1865-இல் ஜெவன்ஸ் எழுதியதை எங்களில் ஒருவர் விடாமல் நினைவூட்டுகிறார். அரை வாட்தானே என்று அறைக்கு இரண்டாக, பால்கனிக்கு ஒன்றாக, மீன்தொட்டிக்கு ஒன்றாக எரியவிட்டு, கடைசியில் இரவு என்ற ஒன்றே வீட்டுக்குள் இல்லாமல் போய்விடும் என்பது அவர் கவலை. முப்பது அரை வாட் விளக்குகள் சேர்ந்தால் ஒரு ஜீரோ வாட் பல்பு என்ற அவருடைய கணக்கு சரியானதே. மற்றவர்கள் முப்பதுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது என்கிறோம். ஆனால் எவரும் நடக்காத இடத்தில் விளக்கு வேண்டாம் என்பதில் எங்களுக்குள் பேதமில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று. நடக்கும் பாதையில், கணுக்கால் உயரத்தில், அகல்விளக்கின் நிறத்தில், அந்தியில் எரிந்து விடியலில் அணைவதாக. உடைந்த, விரிசல் விட்ட விளக்கைக் கையால் தொடவோ, ஒட்டி மறுபடி செருகவோ கூடாது. இவ்வகை மலிவு விளக்குகள் பலவற்றில் மின்மாற்றி கிடையாது, உள்ளே இருப்பது நேரடியாக 230 வோல்ட்.

வாங்கி வந்ததும் பகலில் பொருத்திவிட்டுப் போய்விட வேண்டாம். இரவில் எல்லா விளக்கையும் அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, வீட்டில் வயதில் மூத்தவரைக் கட்டிலிலிருந்து கழிவறை வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார் என்று அவர் சொல்ல மாட்டார். உடன் நடந்து நாம்தான் பார்க்க வேண்டும்.